மலைக்கு ஒரு நேரம் உண்டு

ஜனவரி 10, 2025, வெள்ளி

காலையில் விடுதிக்காரர் வந்தார். தைப்பூசத்துக்குப் புது விடுதியைத் திறக்கிறாராம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடியில் ஒரு படம் வேண்டும். மலையும் ராஜகோபுரமும் ஒரே படத்தில் வரணும். கையிலிருந்த செல்போனில் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார். வானம் கத்தரிப்பூ நிறம், மலை மயில்கழுத்து நிறம், கோபுரம் தங்கத்தகடு போர்த்தியது போல.

“இந்த மாதிரி எச்டிஆர்ல பண்ணிக்குடுங்க சார். உள்ள வர்றவங்க அப்படியே நின்னுடணும். கலரைக் கொஞ்சம் தூக்கி விடுங்க.”

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். மலையின் இந்தப் பக்கமும் வெளிச்சம், அந்தப் பக்கமும் வெளிச்சம். ஒரு பாறைக்கும் நிழல் இல்லை. ராஜகோபுரத்தின் சுதை வெளிறிய நிறமுடையது. 217 அடி உயரத்துக்கு அந்த வெளிர்மைதான் அதன் கம்பீரம். அதை யாரோ மஞ்சளாக்கிவிட்டார்கள். முப்பது வருஷமாகத் திருவண்ணாமலையில் கேமரா பிடிக்கிறேன், இந்த மலை ஒரு நாளும் எனக்கு அந்த நிறத்தைக் காட்டியதில்லை.

முன்பணம் வாங்கிக்கொண்டேன். எச்டிஆரில்தான், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறையில்தான், செய்யப்போகிறேன். ஆனால் அது எதற்காக வந்ததோ அதற்குப் பயன்படுத்துவேன்.

ஜனவரி 11, சனி

பொங்கல் விடுமுறைக்கு மகள் வந்திருக்கிறாள். சாயங்காலம் நாலரைக்கே அவளையும் அழைத்துக்கொண்டு நண்பர் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். கோயிலுக்குக் கிழக்கே, மூன்று மாடி. மேற்கே பார்த்து நின்றால் எதிரே ராஜகோபுரம், இடப்பக்கம் திருமஞ்சன கோபுரம், வலப்பக்கம் அம்மணி அம்மன் கோபுரம், எல்லாவற்றுக்கும் பின்னால் மலை.

மலை மேற்கில் இருப்பதால் எங்கள் ஊருக்குச் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் ஆறு மணி என்று போட்டிருக்கும். ஆனால் தை பிறக்கும் இந்த நாட்களில் சூரியன் மலையின் தென்தோளில் இறங்கி ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் வானம் மட்டும் வெளிச்சம், ஊர் முழுக்க மலையின் நிழல். வெளியூர்க்காரர்கள் ஆறு மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து ஏமாந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சூரியன் தோளுக்கு மேலே நாலு விரற்கடை இருக்கும்போது அளந்து பார்த்தேன். சூரியனை ஒட்டிய வானத்துக்கும் மலையின் நிழல்பள்ளத்துக்கும் நடுவே பத்து ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்குக்கு மேல். வானத்துக்கு அளவு வைத்தால் மலை கரிக்கட்டை. மலைக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள்.

“நம்ம கண்ணுக்கு மட்டும் ரெண்டும் தெரியுதேப்பா?” என்றாள் மகள்.

நல்ல கேள்வி. கண்ணும் ஒரே பார்வையில் இரண்டையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது கண்பாப்பா சுருங்குகிறது, மலைக்கு இறங்கும்போது விரிகிறது. இப்படி மேய்ந்து மேய்ந்து பொறுக்கியதை மனசு ஒரே காட்சியாகக் கட்டித் தருகிறது. அதைத்தான் பிராக்கெட்டிங்கில் செய்கிறோம். ஸ்டாண்டைக் கெட்டியாக வைத்து, துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. இரண்டையும் தொடக்கூடாது. ஷட்டரை மட்டும் மாற்றி மூன்று படம்: 1/500, 1/125, 1/30. துவாரத்தை மாற்றினால் ஒரு படத்தில் கூர்மையாக இருப்பது இன்னொன்றில் மழுங்கிவிடும், அடுக்கும்போது ஒட்டாது. ஒயிட் பேலன்ஸையும் ஒன்றிலேயே நிறுத்திவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் மூன்று படமும் மூன்று நிறத்தில் வந்து நிற்கும்.

மூன்றையும் எடுத்து முடிக்கவும் புறாக்கூட்டம் ஒன்று கோபுரத்தைச் சுற்றி எழும்பவும் சரியாக இருந்தது. அவை உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை எடுத்தேன். பறவை பறக்கும்போது மூன்றை ஒன்றாக்கினால் ஒரே புறா மூன்று இடத்தில் ஆவி போல நிற்கும். அதைக் கணினியில் துடைக்கலாம்தான். புறாக்கள் உட்காரும்வரை காத்திருப்பது சுலபம்.

கடைசிப் படத்தின் நேரம் 5.21.

ஜனவரி 12, ஞாயிறு

லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் ஒன்றாக்கினோம். ஷேடோவை முழுக்க ஏற்றி, ஹைலைட்டை முழுக்க இறக்கி, கிளாரிட்டியைத் தள்ளிப் பார்த்தாள் மகள். ஒரு நிமிஷத்தில் அந்தச் செல்போன் படம் வந்துவிட்டது. மலையின் விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக்கோடு, சாமி படத்தில் தலைக்குப் பின்னால் போடும் பிரபை மாதிரி. இதை ஹாலோ என்பார்கள். இருட்டுப் பகுதியை மென்பொருள் பலவந்தமாகத் தூக்கும்போது, அதை ஒட்டிய வானமும் கூடவே எழும்பிவிடுகிறது.

அம்மா காபி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்தாள்.

“இது காலையிலயா சாயங்காலமாடா?”

எனக்குச் சுருக்கென்றது. நானே எடுத்த படத்தில் நேரம் இல்லாமல் போயிருந்தது. காலையில் மலையின் இந்த முகத்தில் நேர் வெயில் விழும். பாறைகள் சிவந்து நிற்கும். சாயங்காலம் வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வரும். முகம் இருண்டு, விளிம்பு மட்டும் ஒளிரும். இரண்டையும் கலந்து ஒரு நாளிலும் இல்லாத ஒரு பொழுதை நாங்கள் உண்டாக்கியிருந்தோம். இயற்கையாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு எனக்கு இனி வேறு அளவுகோல் வேண்டாம். படத்தைப் பார்த்து மணி சொல்ல முடிய வேண்டும்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஹைலைட் 60 இறக்கம். வானத்தில் மேகத்தின் வரி தெரியும் அளவுக்கு. ஷேடோ 35 ஏற்றம், அதற்கு மேல் இல்லை. மலை வானத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும், கோபுரத்தைவிடவும் இருட்டாக. இந்த வரிசை எந்தக் காரணத்துக்காகவும் புரளக்கூடாது. கறுப்பை விடாமல் பிடித்துக்கொண்டோம்; அடிக்கறுப்பு இல்லாத படம் உப்பில்லாத சோறு. கிளாரிட்டி 10. சேச்சுரேஷனைத் தொடவே இல்லை. விளிம்பில் மிச்சமிருந்த கொஞ்சம் ஹாலோவை மெல்லிய பிரஷ்ஷில் கையாலேயே அடக்கினேன். டார்க் ரூமில் இதையே உள்ளங்கையால் செய்திருக்கிறேன். என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையைக் குவித்து ஆட்டி, வானத்துக்குக் கூடுதலாக நாலு செகண்ட். கை ஒரே இடத்தில் நின்றால் கோடு விழும், அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

மலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கிழக்குச் சரிவில் செந்நிறமாக ஒரு கீறல். ஒற்றைப் படத்தில் கறுப்போடு கறுப்பாகப் போயிருக்கும். ஷேடோ ஏறியதும் எழுந்து வந்துவிட்டது. டிசம்பர் 1-ந்தேதி புயல் மழையில் மலை சரிந்த இடம். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்படியே சேமித்துவிட்டு எழுந்தேன்.

ஜனவரி 13, திங்கள்

ஆருத்ரா தரிசனமும் பௌர்ணமியும் ஒரே நாளில். காலையில் கோயிலில் தீப மை வாங்கிக்கொண்டேன். போன மாதம் 13-ந்தேதி உச்சியில் ஏற்றிய மகாதீபத்தின் மை. நடராஜருக்குச் சாத்திய பிறகு எங்களுக்கு. மண்சரிவினால் இந்த வருஷ தீபத்துக்குப் பொதுமக்கள் யாரும் மலையேற அனுமதியில்லை. கீழே நின்றுதான் பார்த்தோம்.

இரவு கிரிவலம், 14 கிலோமீட்டர். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அடி அண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த பையன் செல்போனில் மலையை எடுத்துக் காட்டினான். “அண்ணே, பாருங்க, பகல் மாதிரி.” நிஜமாகவே பகல் மாதிரிதான் இருந்தது. பச்சைப் புதர், பழுப்புப் பாறை, நீல வானம். போன் பல படங்களை எடுத்து அதுவாகவே அடுக்கிக்கொள்கிறது. நிலா வெளிச்சம் என்பது சூரியன் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதானே. நிறையச் சேர்த்துக் குவித்தால் பகலின் நிறம் வந்துவிடும். ஆனால் மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. நிறம் அறியும் செல்கள் ஓய்ந்து, இருட்டுக்கான செல்கள் மட்டும் விழித்திருக்கும் நேரம் அது. நான் பார்த்த மலை சாம்பல் நிறத்தில், ஒரு பெரிய மூச்சு மாதிரி இருந்தது. பையனுடைய போன் பொய் சொல்லவில்லை, ஆனால் அவன் பார்த்ததைச் சொல்லவில்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரசோன் ஞாபகம் வந்தது. 1950 ஏப்ரல் 14-ந்தேதி இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். 8.47 மணிக்கு வானத்தில் ஒரு ஒளி மெதுவாக நகர்ந்து மலைப்பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். உலகமே கொண்டாடும் கேமராக்காரர், அந்த ஒளிக்குத் தம் கண்ணையும் கடிகாரத்தையும்தான் சாட்சியாக வைத்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை இல்லை.

மத்தியானம் மகளுக்குப் பழைய கதை சொன்னேன். இந்த வானப் பிரச்சினை கணினியோடு வந்ததில்லை. 1850-களின் நெகட்டிவ்கள் நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மசியும். கட்டடம் பதியும் நேரத்துக்குள் வானம் வெந்து வெளுத்துவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856, 57 வாக்கில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டு எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். நாம் மாடியில் செய்தது அதே வேலை. நம் பக்கத்தில், சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று மாட்டுவண்டிக் காலத்தில் சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டியவர். வெளுத்துப்போன வானத்துக்கு அவர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். இலைதழைகளையும் தீட்டினார்.

“அப்போ அவரும் பொய்தானே?”

யோசித்தேன். மேகம் அன்றைக்கு அங்கே இருந்ததா என்று யாருக்குத் தெரியும். ஆனால் கல்வெட்டில் ஒரு எழுத்தைக்கூட அவர் தீட்டிச் சேர்த்திருந்தால் இன்றைக்கு அந்தப் படங்களுக்கு என்ன மதிப்பு? அவர் எதற்காகப் போனாரோ அதில் கை வைக்கவில்லை.

கணினியில் எச்டிஆருக்கு வழி போட்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர்: கான்பூர் ஐஐடியில் படித்த ஜிதேந்திர மாலிக். பால் டெபவெக்கோடு சேர்ந்து 1997-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வெவ்வேறு அளவில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் நிஜமான வெளிச்ச விகிதத்தை மீட்கும் கணக்கைக் கொடுத்தார்கள். மீட்பதற்கு வந்த கணக்கு அது. கத்தரிப்பூ வானத்தை யாரும் அதில் கேட்கவில்லை.

ஜனவரி 15, புதன்

காலையில் கோயில் நந்திக்குக் காய்கறி, பழம், முறுக்கு, அதிரச மாலை. சாயங்காலம் திருவூடல் விழா, திருவூடல் தெருவில் கூட்டம் தாங்கவில்லை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட, சாமி வெளியே நின்றார். படம் எதுவும் எடுக்கவில்லை, பார்த்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

விடுதிக்காரர் வந்து திரையில் பார்த்தார். அடங்கிய நிறம் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. “டல்லா இருக்கே சார்.” அவர் செல்போனில் காட்டிய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இது நம்ம மாடியிலேருந்து பார்க்கிற மாதிரியேதான் இருக்கு” என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் பாராட்டு தேவையில்லை.

பிறகு விரலை மலைமேல் வைத்தார். “இந்தச் சிவப்புக் கோடு மட்டும் வேணாம். எடுத்துடுங்க. பார்க்கிறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எடுப்பது பெரிய வேலையும் இல்லை. பக்கத்துப் புதரைப் பிரதியெடுத்து மேலே ஒட்டினால் இரண்டு நிமிஷம். நேற்றுகூட வானத்தில் இரண்டு புள்ளிகளை அப்படித்தான் எடுத்தேன். ஆனால் அந்தப் புள்ளிகள் என் கேமரா சென்சாரில் இருந்த தூசி, வானத்தில் இருந்ததில்லை. இந்தக் கீறல் மலையில் இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில் பாறையும் மண்ணும் உருண்டு வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மீட்பு நடந்த அந்த நாட்களில் ஊரே சோறு தண்ணீர் இறங்காமல் இருந்தது. அதை நான் எப்படிப் புதர் வைத்து மூடுவேன்?

“முடியாதுங்க” என்றேன். அவர் முகம் மாறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

இரவெல்லாம் இதே நினைப்பு. இருட்டைத் திறக்கும் வேலை செய்கிறவனுக்கு, உள்ளிருந்து வருவதில் வேண்டியது வேண்டாதது பிரிக்கும் உரிமை இல்லை. மூடி வைக்க விரும்பினால் திறக்காமலே விட்டிருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை எழுதியபோதுதான் ஒரு வழி தோன்றியது.

ஜனவரி 18, சனி

மறுபடியும் அதே மாடி. இந்த முறை ஐந்தரைக்குப் போய், ஆறு இருபது வரை உட்கார்ந்திருந்தேன். வானம் ஆரஞ்சிலிருந்து அடர்நீலத்துக்கு இறங்கியது. கோபுர விளக்குகள் எரிந்தன. அந்தச் சில நிமிஷங்களுக்கு வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் தராசுத்தட்டு மாதிரி சமமாக நிற்கும். அளந்தால் ஏழு ஸ்டாப்தான். இன்றைய கேமராக்கள் ரா கோப்பில் பன்னிரண்டு, பதினான்கு ஸ்டாப் வரை வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு படம் போதும். ரா என்பது கேமரா சமைக்காமல் தரும் பச்சைக் காய்கறி. 14 பிட்டில் 16,384 படிகள். ஜேபெக்கில் வெறும் 256. பத்து நிமிஷம் காத்திருப்பதைவிடப் பெரிய எச்டிஆர் கிடையாது என்று மகளிடம் சொன்னேன். மூன்று படம் அடுக்குவதற்கு முன்னால், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வெளிச்சமே வித்தியாசத்தைக் குறைத்துத் தருமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத என்னுடைய பழைய மாணவர்களுக்கும், லைட்ரூம் வாங்கக் காசில்லாதவர்களுக்கும் இதுவே முதல் பாடம். டார்க்டேபிள், ரா தெரபி மென்பொருள்கள் இரண்டும் இலவசம், காத்திருப்பதும் இலவசம்.

படத்தில் மலை முழுக் கறுப்பு. அதன் வெளிக்கோடு மட்டும். கீறல் தெரியவில்லை, ஆனால் நான் அதை அழிக்கவில்லை. அந்த நேரத்தில் மொட்டைமாடியில் நின்ற எவருக்கும் அது தெரிந்திருக்காது.

ஜனவரி 20, திங்கள்

மாதிரி அச்சு வந்தது. கேன்வாஸில் ஆறு ஸ்டாப் நிற்பதே பெரிய விஷயம். திரையில் தெரிந்த நிழல் விவரம் துணியில் மை குடித்து அடைந்துபோகும். அதனால் கோபுரத்தின் கீழ்நிலைகளை அச்சுக்காக மட்டும் அரை ஸ்டாப் ஏற்றினேன். ஒரு அடி அகலத்துக்குச் சோதனைத் துண்டு அடித்துப் பார்க்காமல் ஆறடி அச்சுக்குப் போகாதே என்று மகளுக்கு எழுதி வைத்திருக்கிறேன். சோதனைத் துண்டை டியூப்லைட்டிலும் பார்க்க வேண்டும், வாசல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.

விடுதிக்காரர் ஆறு இருபது படத்தைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். இருட்டிய மலை அவருக்குப் பிடித்துவிட்டது. மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தார்.

5.21 படத்தை நான் தனியாக அச்சிட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருக்கிறேன். கீழே நேரம், தேதி, எடுத்த இடம். மூன்று ரா கோப்புகளும் தொடாமல் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. மழை பெய்து, புல் முளைத்து, அந்தச் சரிவு ஒருநாள் பச்சையாகும். அப்போது அதே மாடியில், அதே ஸ்டாண்டில், சாயங்காலம் ஐந்து இருபதுக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

மகள் இன்று காலை பஸ்ஸில் கல்லூரிக்குக் கிளம்பினாள். என் பழைய ஸ்டாண்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.